தபால் பெட்டியில் உங்கள் பெயர் இருக்கிறதா?

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ஈரோட்டிலிருந்து ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் வந்து நான்கு மாதம், கணவர் கார் உதிரிபாக கம்பெனியில் ப்ளூ கார்டில் (பட்டம் படித்த வெளிநாட்டவருக்கான வேலை அனுமதி) வேலை பார்க்கிறார், மகனுக்கு மூன்றரை வயது, நீங்கள் எம்.காம். முடித்து ஆடிட்டர் ஆபீஸில் ஐந்து வருடம் வேலை பார்த்தவர். "எல்லாவற்றையும் அவரே பார்த்துக்கொள்கிறார் அக்கா, நல்ல மனுஷன்தான், ஆனால் அவர் ஆபீஸ் போன பிறகு காலிங் பெல் அடித்தால்கூட எனக்குப் படபடக்கிறது, தபால் பெட்டியைத் திறக்கவே பயம்" என்று எழுதியிருக்கிறீர்கள். புரியாத மூன்று கடிதங்கள் ஃபிரிட்ஜ் மேல் கிடக்கின்றன என்றும், கீழ்வீட்டுப் பாட்டி மாடிப்படியில் நிறுத்தி ஏதோ பலகையைக் காட்டித் திட்டினார் என்றும் எழுதிவிட்டு, புதிதாக வந்தவர்களுக்கு உதவும் வெப்சைட், ஆப், வாட்ஸ்அப் குழு எல்லாவற்றையும் பட்டியலாகத் தர முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பெயர் போட வேண்டாம் என்றீர்கள், போடவில்லை.

பட்டியல் தர எனக்கு ஐந்து நிமிடம் போதும். ஆனால் புலம்பெயர்ந்தோர் ஆலோசனை மையத்தில் இத்தனை வருடம் உட்கார்ந்து பார்த்ததில், பட்டியல் இல்லாமல் தவித்தவர்களைவிட பட்டியலை போனில் சேமித்து வைத்துக்கொண்டு வீட்டுக்குள்ளேயே தவித்தவர்கள்தான் அதிகம். உங்களுக்கு முதலில் வேண்டியது இந்த ஊரில் உங்கள் பெயரில் நடக்கிற சில காரியங்கள். கணவரின் மனைவியாக, மகனின் அம்மாவாக மட்டும் பதிவாகாமல், உங்கள் பெயரிலேயே ஒரு கடிதம் வரவேண்டும், ஒரு கணக்கு இருக்கவேண்டும், உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் ஒரு டாக்டர் இருக்கவேண்டும். வெப்சைட் எல்லாம் அதற்கு அப்புறம்.

இன்றைக்கே கீழே இறங்கிப் போய் தபால் பெட்டியையும் காலிங் பெல்லையும் பாருங்கள். யார் பெயர் ஒட்டியிருக்கிறது? பெரும்பாலும் கணவர் பெயர் மட்டும்தான் இருக்கும். ஜெர்மனியில் அடுக்குமாடிக் கட்டடத்துக்குள் வீட்டுக்கு வீடு தனிக் கதவு எண் என்று பொதுவாக எதுவும் இல்லை, பெட்டியில் இருக்கும் பெயரைப் பார்த்துத்தான் தபால்காரர் கடிதம் போடுவார், பெயர் இல்லையென்றால் திரும்பிப் போய்விடும். ஜெர்மன் குடும்பத்துக்கு ஒரே குடும்பப்பெயர் போதும். நம் வீட்டில் அப்படியில்லையே. கணவர் பாஸ்போர்ட்டில் மாமனார் பெயர் குடும்பப்பெயராக நிற்கும், உங்களுடையதில் உங்கள் அப்பா பெயர், பிள்ளையுடையதில் கணவரின் சொந்தப் பெயர், ஆக ஒரே வீட்டில் மூன்று குடும்பப்பெயர். இது தெரியாமல் உங்கள் கடிதமோ பிள்ளையின் கடிதமோ தொலைந்துபோனால், பதில் போடவில்லை என்று அடுத்த கடிதம் வரும், அதுவும் தொலையும். மூன்று பெயரையும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுத்து மாறாமல் ஒட்டுங்கள். வீட்டுச் சொந்தக்காரர் ஒரே மாதிரி பித்தளைத் தகடுதான் வேண்டும் என்பார், சரி, அது வரும்வரை ஒரு சீட்டு எழுதி ஒட்டிக்கொள்கிறேன் என்று சொல்லுங்கள். வங்கி, கிளினிக், மொழி வகுப்பு எங்கே போனாலும் அதே எழுத்துகள், அதே வரிசை. ஒரு இடத்தில் இனிஷியல், இன்னொரு இடத்தில் முழுப்பெயர் என்று கொடுத்துவிட்டு, அது இருவரல்ல ஒருவரே என்று நிரூபிக்க அலைந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இனி ஃபிரிட்ஜ் மேல் இருக்கிற மூன்று கடிதங்கள். நீங்கள் எழுதியதை வைத்தே சொல்கிறேன்.

முதலாவது, வானொலி, தொலைக்காட்சிக் கட்டணம் கேட்டு உங்கள் பெயருக்கு வந்தது. வீட்டில் டிவி இல்லை, எதற்குக் கட்டவேண்டும் என்று கேட்கிறீர்கள். இது டிவிக்கான கட்டணம் அல்ல, வீட்டுக்கான கட்டணம். ஒரு வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ, உள்ளே எத்தனை பேர் இருந்தாலும் ஒரே கட்டணம்தான், டிவி இருக்கிறதா இல்லையா என்று யாரும் பார்க்க மாட்டார்கள். நீங்கள் முகவரி பதிந்ததும் அந்தத் தகவல் அவர்களுக்குப் போய்விடும், வயது வந்த ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கடிதம் வரும். உங்கள் கணவர் ஏற்கெனவே கட்டிவருகிறார் என்றால், அவருடைய பணம் எடுக்கும் கடிதத்தில் ஒரு கட்டண எண் இருக்கும், அதைக் குறிப்பிட்டு இந்த வீட்டுக்குக் கட்டியாகிறது என்று பதில் அனுப்பினால் முடிந்தது. பதில் போடாமல் விட்டால் உங்கள் பெயரிலும் ஒரு கணக்கு திறந்து, பாக்கி என்று எழுதத் தொடங்குவார்கள். ஆகவே இதுதான் உங்கள் முதல் வேலை. கணவரிடம் எண்ணை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு, பதிலை நீங்களே அனுப்புங்கள்.

இரண்டாவது, புகைப்படம் கேட்டு வந்தது, மருத்துவக் காப்பீட்டு அமைப்பிலிருந்து. கணவர் பொதுக் காப்பீட்டில் இருந்தால், வருமானம் இல்லாத மனைவியும் பிள்ளையும் கூடுதல் கட்டணமில்லாமல் அதிலேயே சேரலாம், ஆனால் ஆளுக்கொரு அட்டை உண்டு. உங்கள் அட்டைக்குத்தான் படம் கேட்கிறார்கள். நாளைக்குக் காய்ச்சல் வந்து கிளினிக்கில் நிற்கும்போது வரவேற்பில் முதலில் கேட்பது அந்த அட்டையைத்தான். (கணவர் தனியார் காப்பீட்டில் இருந்தால் கணக்கே வேறு, ஆளுக்கு ஆள் தனிச் சந்தா, அப்படியானால் எனக்குத் தனியாக எழுதுங்கள்.)

மூன்றாவது, "ஏதோ பெரிய நம்பர் மட்டும் போட்டு வந்தது, விளம்பரம் போல இருந்ததால் கசக்கிவிட்டேன்" என்கிறீர்களே, அதை எடுத்து நீவி வையுங்கள். 11 இலக்கம் இருந்தால் அது உங்கள் வரி அடையாள எண், ஆயுள் முழுவதும் அதே எண்தான். பிள்ளைக்கும் தனியாக ஒன்று வந்திருக்கும். நாளைக்கு வேலையில் சேர்ந்தால் முதல் நாளே கேட்பார்கள், இல்லையென்றால் சம்பளத்தில் வரியை அதிகமாகப் பிடிப்பார்கள்.

அந்த எண் இன்னொரு காரியத்துக்கும் உடனே வேண்டும். உங்கள் கடிதத்தில் எங்கேயும் கிண்டர்கெல்ட் என்ற சொல்லே இல்லை, அதனால் விண்ணப்பிக்கவில்லையோ என்று எனக்குச் சந்தேகம். இது பிள்ளைக்காக அரசு தரும் மாதத் தொகை, 2026 ஜனவரியிலிருந்து பிள்ளைக்கு 259 யூரோ. ப்ளூ கார்டு குடும்பத்துக்கும் உண்டு. தானாக வராது, நாம்தான் விண்ணப்பிக்கவேண்டும், விண்ணப்பித்த மாதத்துக்கு முந்தைய ஆறு மாதத்துக்குத்தான் பின்தேதியிட்டுத் தருவார்கள். நீங்கள் வந்து நான்கு மாதம், அதனால் இன்னும் எதையும் இழக்கவில்லை, ஆனால் இதே நினைப்பில் இரண்டு வருடம் ஓட்டிவிட்டு வந்த ஒரு தம்பதியிடம் "ஆறு மாதத்துக்கு மேல் கிடைக்காது" என்று நான் சொல்ல வேண்டியிருந்தது, அந்தப் பெண்ணின் முகம் இன்னும் நினைவில் இருக்கிறது. விண்ணப்பத்தில் பெற்றோரில் யார் பெயரில் வாங்குவது என்று நீங்களே முடிவு செய்யலாம். உங்கள் பெயரில், உங்கள் கணக்கில் வாங்குங்கள்.

கணக்கு இல்லையே என்பீர்கள். வருமானம் இல்லாதவருக்கு வங்கி கணக்கு தராது என்று யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள், அது தவறு. சட்டப்படி இங்கே தங்கியிருக்கும் எவருக்கும் அடிப்படைக் கணக்கு ஒன்று திறந்து தரவேண்டும் என்று 2016-லிருந்து சட்டமே இருக்கிறது. பாஸ்போர்ட், தங்கும் அனுமதி, முகவரிப் பதிவுச் சான்று மூன்றையும் எடுத்துக்கொண்டு பக்கத்துக் கிளைக்குப் போங்கள். கணவர் மேல் நம்பிக்கை இல்லை என்பதற்காக இதைச் சொல்லவில்லை. அவர் ஒரு வாரம் காய்ச்சலில் படுத்தால் வாடகையும் கரண்ட் பில்லும் யார் கட்டுவது, அவ்வளவுதான் கேள்வி.

கடிதங்களைப் பற்றி இன்னும் ஒன்று சொல்லாமல் விடமுடியாது. மஞ்சள் உறையில் ஒரு கடிதம், அதாவது அரசு அலுவலகமோ நீதிமன்றமோ முறைப்படி அனுப்புவது, வந்தால் எந்த வேலையாக இருந்தாலும் விட்டுவிட்டு அதைப் பிரியுங்கள். அந்த உறை மேலேயே தபால்காரர் போட்ட தேதியை எழுதியிருப்பார். நீங்கள் வீட்டில் இல்லாதபோது பெட்டியில் போட்டாலும், அன்றைக்கே உங்களுக்குக் கிடைத்துவிட்டதாகத்தான் சட்டம் எடுத்துக்கொள்ளும், பிரித்தீர்களா இல்லையா என்பது கணக்கில் இல்லை. பதில் சொல்லும் கெடு அன்றிலிருந்து ஓடும், அபராதம் போன்றவற்றுக்கு இரண்டே வாரம். அந்த உறையைத் தூக்கிப்போடாதீர்கள், கடிதத்தோடு சேர்த்தே வையுங்கள். சாதாரண அரசுக் கடிதத்திலும் கடைசிப் பத்தியைத் தவறாமல் பாருங்கள், ஆட்சேபம் இருந்தால் எத்தனை நாளில் எங்கே எழுதவேண்டும் என்பது அங்கேதான் இருக்கும், பெரும்பாலும் ஒரு மாதம். நான் வந்த முதல் வருடம், வாசலில் வந்து நின்று இனிக்க இனிக்கப் பேசிய ஒருவர் நீட்டிய தாளில் இன்டர்நெட் இணைப்பு என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டேன். பிறகு வந்த கடிதங்களைப் பயத்தில் பிரிக்காமல் டிராயரில் போட்டு வைத்தேன். பிரித்திருந்தால், வாசலில் போட்ட ஒப்பந்தத்தை 14 நாளுக்குள் காரணமே சொல்லாமல் ரத்து செய்யலாம் என்று முதல் கடிதத்திலேயே இருந்தது. இரண்டு வருடம் பணம் கட்டினோம். வாசலில் யார் வந்தாலும் கையெழுத்துப் போடாதீர்கள், வீட்டுக்குள் விடவும் வேண்டாம், "நைன், டாங்கெ" (வேண்டாம், நன்றி) என்று சொல்லிக் கதவை மூடுங்கள், இங்கே அது மரியாதைக் குறைவு இல்லை.

கடிதம் புரியாவிட்டால் போன் காமிராவை வைத்து மொழிபெயர்த்துப் பாருங்கள், தமிழைவிட ஆங்கிலத்துக்கு மாற்றினால் சட்டச் சொற்கள் கொஞ்சம் தெளிவாக வரும் என்பது என் அனுபவம். ஆனால் கையெழுத்துப் போடவேண்டிய எதையும் போன் சொன்னதை நம்பிப் போடாதீர்கள், மனிதரிடம் காட்டுங்கள்.

எந்த மனிதர்? இங்கேதான் உங்கள் பட்டியலுக்கு வருகிறேன். வேறு எல்லாவற்றையும் மறந்தாலும் இந்த ஒரு பெயரை எழுதி வையுங்கள்: மிக்ராட்சியோன்ஸ்பெராட்டுங், அதாவது வெளிநாட்டிலிருந்து வந்த, 27 வயது தாண்டியவர்களுக்கான ஆலோசனை. அரசு பணம் தருகிறது, கத்தோலிக்கத் திருச்சபையின் காரிட்டாஸ், புராட்டஸ்டன்ட் திருச்சபையின் டியாகொனி, செஞ்சிலுவைச் சங்கம், தொழிலாளர் நல அமைப்பு போன்றவை நடத்துகின்றன. மதம் பார்ப்பதில்லை, கட்டணம் இல்லை, நீங்கள் சொல்வது வெளியே போகாது, கணவருக்குக்கூடப் போகாது. கடிதத்தைக் கையோடு எடுத்துப் போகலாம், விண்ணப்பம் நிரப்ப உட்கார்ந்து உதவுவார்கள். 27 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு இதே போல இளைஞர் பிரிவு தனியாக இருக்கிறது. நேரில் போகத் தயக்கம் என்றால் எம்.பி.இ.ஆன் என்ற ஆப் வழியாகவும் அதே ஆலோசகர்களிடம் எழுதிக் கேட்கலாம். ஸ்டுட்கார்ட்டில் இன்னொரு வசதியும் உண்டு. சார்லோட்டென்பிளாட்ஸில் வெல்கம் சென்டர் என்று புதிதாக வந்தவர்களுக்காகவே நகராட்சி ஒரு அலுவலகம் வைத்திருக்கிறது. ஆங்கிலத்தில் பேசுவார்கள். எந்த வேலைக்கு எந்த அலுவலகம் என்று தெரியாமல் திகைக்கிற உங்களுக்கு அதுதான் முதல் வாசல்.

வெப்சைட் என்றால் இரண்டு போதும். அரசு நடத்தும் மேக் இட் இன் ஜெர்மனி, விசா, வேலை விஷயத்துக்கு. ஹேண்ட்புக் ஜெர்மனி, வீடு, டாக்டர், பள்ளிக்கூடம் போன்ற அன்றாட விஷயத்துக்கு. இரண்டிலும் தமிழ் இல்லை, ஆங்கிலம் இருக்கிறது. வாட்ஸ்அப் குழுவைக் கடலைப்பருப்பு எங்கே கிடைக்கும், பழைய ஸ்ட்ரோலர் யாரிடம் இருக்கிறது என்று கேட்க வைத்துக்கொள்ளுங்கள். விசா விஷயத்தில் "எனக்கு அப்படித்தான் நடந்தது" என்று ஒருவர் சொல்வதை நம்பிக் காரியம் செய்யாதீர்கள். அவருடைய அனுமதி வேறு பிரிவில் இருக்கும், உங்களுடையது வேறு.

சரி, கீழ்வீட்டுப் பாட்டி. அவர் காட்டிய பலகையில் கேர்வோஹெ என்று எழுதியிருந்ததா? அப்படியானால் அவர் உங்களை வெறுக்கவில்லை, "இந்த வாரம் உன் முறை" என்றுதான் சொல்லியிருக்கிறார். நீங்கள் இருக்கும் சுவாபியப் பகுதியின் வழக்கம் இது, ஒவ்வொரு வீடும் முறை வைத்து மாடிப்படி, நுழைவாசல், சில கட்டடங்களில் நடைபாதையும் கூட்டித் துடைக்கவேண்டும். பலகை உங்கள் கதவில் தொங்கினால் அந்த வாரம் உங்களுடையது, முடித்ததும் அடுத்த வீட்டுக் கதவில் மாட்டவேண்டும். உங்கள் வாடகை ஒப்பந்தத்திலேயே இது இருக்கும். பனிக்காலத்தில் சில வீடுகளில் காலையிலேயே பனி தள்ளுவதும் இந்த முறைக்குள் வரும், அதை மட்டும் ஒப்பந்தத்தில் பார்த்துவிடுங்கள், ஏனென்றால் யாராவது வழுக்கி விழுந்தால் பொறுப்பு நம் தலையில். வாசல் தெளித்துக் கோலம் போட்டு வளர்ந்த நமக்கு இது ஒன்றும் அந்நிய வேலை இல்லை. இந்த வாரம் கூட்டி முடித்த கையோடு, முறுக்கோ அதிரசமோ ஒரு தட்டில் வைத்து அந்தப் பாட்டி வீட்டு மணியை அடியுங்கள். மகனையும் கூட்டிக்கொண்டு போங்கள். நான் பார்த்தவரை சுவாபியர்கள் சட்டென்று சிரிக்க மாட்டார்கள், ஆனால் பழகிவிட்டால் உங்கள் பார்சலை வாங்கி வைப்பதிலிருந்து பிள்ளைக்கு ஸ்வெட்டர் பின்னுவது வரை செய்வார்கள்.

அதே பாட்டி அடுத்ததாக எதற்குக் கோபப்படுவார் என்றும் சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை முழுவதும், மற்ற நாளில் இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை சத்தம் கூடாது. நம் வீட்டில் இட்லி மாவு அரைப்பது எப்போது? சனி இரவு அல்லது ஞாயிறு காலை. கிரைண்டரைத் தரையில் வைத்தால் கீழ்வீட்டுக்காரர் தலைமேல் ரோடு ரோலர் ஓடுவது போல இருக்கும். சனிக்கிழமை பகலிலேயே அரைத்துவிடுங்கள், அடியில் ஒரு தடித்த ரப்பர் பாய் போடுங்கள். கண்ணாடி பாட்டில்களைத் தெருப்பெட்டியில் போடுவதும் ஞாயிறு கூடாது. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலை எறியாதீர்கள், பெரும்பாலானவற்றுக்கு 25 சென்ட் முன்பணம் நாம் கொடுத்திருக்கிறோம், கடை மெஷினில் போட்டால் திரும்ப வரும், மகனுக்கு அந்த மெஷின் ரொம்பப் பிடிக்கும். இன்னொன்று, தாளித்த பிறகு குளிருக்குப் பயந்து ஜன்னலை மூடியே வைக்காதீர்கள். காலையும் மாலையும் ஐந்து பத்து நிமிடம் ஹீட்டரை அணைத்துவிட்டு எல்லா ஜன்னலையும் விரியத் திறந்து மூடுங்கள், இல்லையென்றால் சுவரில் பூஞ்சை பிடித்து, காலி செய்யும்போது முன்பணத்தில் கை வைப்பார்கள். அப்புறம், குடும்பத்துக்கான பொறுப்புக் காப்பீடு ஒன்று எடுத்திருக்கிறீர்களா என்று கணவரிடம் கேளுங்கள். வருடத்துக்கு நூறு யூரோவுக்குள்ளேயே பெரும்பாலும் கிடைக்கும். பிள்ளை பக்கத்து வீட்டு ஜன்னலை உடைப்பதற்கும், கட்டடத்துச் சாவி தொலைந்து எல்லாப் பூட்டையும் மாற்றுவதற்கும் அதுதான் கை கொடுக்கும். ஏழு வயதுக்குக் குறைந்த பிள்ளை செய்ததற்கும் சாவி தொலைந்ததற்கும் பாலிசியில் இடம் இருக்கிறதா என்று கேட்டு எடுங்கள்.

மகனுக்குக் கீட்டாவில், அதாவது பாலர் பள்ளியில், இடம் கிடைக்கவில்லை என்று வருத்தப்பட்டிருந்தீர்கள். ஒரு வயது முடிந்த எந்தப் பிள்ளைக்கும் இடம் கேட்கும் சட்ட உரிமை 2013 ஆகஸ்டிலிருந்து இருக்கிறது, உரிமை இருக்கிறதே தவிர இடம் தட்டுப்பாடுதான். நகராட்சி இணையதளத்தில் பதிந்ததோடு நிற்காமல், நடந்து போகும் தூரத்தில் உள்ள ஒவ்வொரு கீட்டாவுக்கும் நேரில் போய் முகத்தைக் காட்டுங்கள், மாதம் ஒரு முறை மின்னஞ்சல் போடுங்கள். இடையில் விலகும் பிள்ளையின் இடம் ஞாபகத்தில் இருக்கிற அம்மாவுக்குப் போவதைக் கண்கூடாகப் பார்த்திருக்கிறேன். இடம் கிடைக்கிற அன்றைக்குத் தட்டம்மை ஊசி போட்டதற்கான அத்தாட்சி இல்லாவிட்டால் சேர்க்க முடியாது, 2020 மார்ச்சிலிருந்து அப்படிச் சட்டம். இந்தியாவில் முதல் ஊசியை ஒன்பது மாதத்திலேயே போடுவதால் இன்னொரு முறை போடலாமா என்று இங்குள்ள குழந்தை டாக்டர்தான் பார்த்துச் சொல்லவேண்டும். ஆகவே ஈரோட்டில் கொடுத்த தடுப்பூசி அட்டையைத் தேடி எடுங்கள், இப்போதே டாக்டர் ஒருவரைப் பிடியுங்கள். மகனுக்கு நான்கு வயது நெருங்கும்போது கட்டாயமாகச் செய்யவேண்டிய பரிசோதனை ஒன்று உண்டு, பிள்ளைகளின் பரிசோதனைகளைக் குறித்து வைக்கும் மஞ்சள் புத்தகத்தில் யூ8 என்று இருக்கும், 46-லிருந்து 48 மாதத்துக்குள். டெர்மின், அதாவது அப்பாயின்ட்மென்ட், வாங்கப் பல வாரம் ஆகும் என்பதால் இன்றைக்கே கேட்டு வையுங்கள்.

அதுவரை பிள்ளையை வீட்டுக்குள் வைத்திருக்காதீர்கள். நம்மவர்கள் அதிகம் அறியாத ஒரு வசதி இந்த ஊரில் இருக்கிறது, விளையாட்டுச் சங்கங்கள். ஒவ்வொரு பேட்டையிலும் ஒரு சங்கம் இருக்கும், வாரம் ஒரு முறை சின்னப் பிள்ளைகளும் அம்மா அப்பாக்களும் சேர்ந்து குதித்து, உருண்டு, ஏறி விளையாடும் வகுப்பு நடத்துவார்கள், கட்டணம் குறைவு. மொழி தெரியாத பிள்ளைக்கும் மொழி தெரியாத அம்மாவுக்கும் இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது, ஏனென்றால் அங்கே யாரும் பேசுவதற்காக வருவதில்லை, பேச்சு தானாக வருகிறது. மயிலேன்டர் பிளாட்ஸில் இருக்கும் பெரிய வெள்ளைச் சதுர நூலகத்துக்கும் போங்கள், 2011-ல் திறந்தது, பிள்ளைகளுக்கு ஒரு தளம் இருக்கிறது, உள்ளே போகக் காசு வேண்டாம், கதகதப்பாக இருக்கும், மழை நாளில் மூன்று மணி நேரம் உட்கார்ந்தாலும் யாரும் ஏனென்று கேட்க மாட்டார்கள்.

அங்கே போக ட்ராம் ஏறப் பயம் என்றீர்கள். ஜெர்மனி டிக்கெட் ஒன்று உங்கள் பெயரில் எடுங்கள். 2023 மே மாதம் 49 யூரோவில் தொடங்கியது, 2026-லிருந்து 63 யூரோ. ட்ராம், பஸ், உள்ளூர் ரயில் எல்லாவற்றிலும் செல்லும், அதிவேக ரயிலில் மட்டும் செல்லாது. ஆறு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு டிக்கெட்டே வேண்டாம். மாதச் சந்தா, பத்தாம் தேதிக்குள் சொன்னால் மாதக் கடைசியோடு நிறுத்தலாம். மாதம் 63 யூரோ அதிகமில்லையா என்று யோசிப்பீர்கள். ஒவ்வொரு முறையும் எந்த டிக்கெட், எத்தனை மண்டலம் என்று மெஷின் முன்னால் திணறி, கடைசியில் வீட்டிலேயே இருந்துவிடலாம் என்று தோன்றுகிற பெண்ணுக்கு முதல் ஆறு மாதம் அந்தப் பணத்தைக் கொடுக்கலாம் என்பதுதான் என் கருத்து.

மொழிக்கு வருகிறேன். ப்ளூ கார்டு வைத்திருப்பவரின் மனைவிக்கு விசாவுக்கு முன் ஜெர்மன் தேர்வு தேவையில்லை என்பது சலுகைதான், ஆனால் அதனாலேயே ஒரு சொல்லும் தெரியாமல் வந்து இறங்குகிறோம். ஒருங்கிணைப்பு வகுப்பு என்று அரசு உதவியோடு நடப்பது 700 பாடவேளை, அதில் 600 மொழிக்கு, 100 நாட்டைப் பற்றி. உங்களுக்கு அனுமதி கிடைக்குமா என்பது படிப்பு, தங்கும் அனுமதி எல்லாவற்றையும் பொறுத்தது, வெளிநாட்டவர் அலுவலகத்திலோ நான் சொன்ன ஆலோசனை மையத்திலோ கேளுங்கள். கிடைக்காவிட்டால் நிற்காதீர்கள், ரோட்டெபூல்பிளாட்ஸில் இருக்கும் மக்கள் கல்விக்கூடத்தில், ஃபௌ-ஹா-எஸ் என்பார்கள், பணம் கட்டிச் சேரலாம். அதன் நாடு தழுவிய அமைப்பு இணையத்தில் இலவசப் பாடமும் வைத்திருக்கிறது, டாய்ச்ச வெல்லே என்ற ஒலிபரப்பு நிறுவனத்தின் இணையதளத்திலும் இலவசப் பாடம் உண்டு. ஆனால் இரண்டையும் வகுப்புக்குத் துணையாக வைத்துக்கொள்ளுங்கள். போனில் படித்துவிட்டு அப்புறம் வெளியே போகலாம் என்று காத்திருந்தால் இரண்டும் நடக்காது.

வேலை பற்றி நீங்கள் கேட்கவே இல்லை, "எனக்கெல்லாம் இங்கே என்ன வேலை" என்று ஒரு வரியில் முடித்துவிட்டீர்கள். உங்கள் தங்கும் அட்டையையோ அதோடு வந்த தாளையோ எடுத்துப் பாருங்கள், எர்வெர்ப்ஸ்டேடிக்கைட் என்று தொடங்கும் ஒரு வரி இருக்கும், வேலை செய்ய அனுமதி என்று பொருள். கணவரின் கம்பெனியில் மட்டும் என்றில்லை, எந்த வேலையும். கணக்காளர் வேலைக்கு டாக்டர், நர்ஸ் போலக் கட்டாய அங்கீகாரம் தேவையில்லை. அனாபின் என்ற அரசுத் தரவுத்தளத்தில் உங்கள் பல்கலைக்கழகம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பட்டத்துக்கு ஒரு ஒப்பீட்டுச் சான்று வாங்கி வைத்தால் வேலை தேடும்போது உதவும். மொழி ஓரளவு வந்த பிறகு வேலைவாய்ப்பு அலுவலகத்தில் ஆலோசனைக்கு டெர்மின் கேளுங்கள், அதுவும் இலவசம்.

இந்தியா டிரைவிங் லைசென்ஸ் இங்கே குடியேறி ஆறு மாதம் வரைதான் செல்லும், உங்கள் இருவருக்கும் அது முடியப்போகிறது, கணவர் வண்டி ஓட்டுகிறார் என்றால் இதை இன்றே சொல்லுங்கள்.

கடைசியில், பகலில் காரணமில்லாமல் அழுகை வருகிறது என்று எழுதியிருந்தீர்கள். அக்டோபரில் வந்திருக்கிறீர்கள். வெயிலே பார்க்காத நான்கு மாதத்தை நான்கு சுவருக்குள் கழித்திருக்கிறீர்கள். அது உங்கள் பலவீனம் இல்லை. உங்கள் பேட்டையில் ஒரு பொது டாக்டரிடம் உங்கள் பெயரில் டெர்மின் வாங்கி, இதை அவரிடம் சொல்லுங்கள், வயிற்றுவலி போலவே இதுவும் சொல்லக்கூடிய விஷயம்தான். இரவிலோ விடுமுறையிலோ உடம்புக்கு முடியாமல் போய், உயிருக்கு ஆபத்தில்லை என்றால் 116117, உயிர் விஷயம் என்றால் 112, போலீஸ் 110. உங்கள் வீட்டில் அப்படி இல்லை என்று தெரிகிறது, ஆனாலும் இதைப் படிக்கிற வேறொரு தங்கைக்காக எழுதுகிறேன்: வீட்டில் அடி, மிரட்டல், பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்துக்கொள்வது என்று இருந்தால் 116 016, பெண்களுக்கான உதவி எண், 24 மணி நேரமும் உண்டு, இலவசம், பெயர் சொல்ல வேண்டாம், ஆங்கிலத்தில் பேசலாம்.

எல்லாவற்றையும் இந்த வாரமே செய்யாதீர்கள். இன்றைக்குத் தபால் பெட்டியில் பெயர். நாளைக்கு அந்த 18.36 யூரோ கடிதத்துக்குப் பதில். இந்த வாரத்துக்குள் கிண்டர்கெல்ட் விண்ணப்பம், வங்கியில் டெர்மின். சனிக்கிழமை மாடிப்படி. ஒரு தடித்த ஃபைலும் தாளில் துளையிடும் கருவியும் வாங்கி, உங்களுக்கு வரும் கடிதங்களைத் தேதி வரிசையில் கோத்து வையுங்கள், ஞாயிறு மாலை கணவரோடு அரைமணி நேரம் உட்கார்ந்து அந்த வாரக் கடிதங்களை நீங்கள் அவருக்கு விளக்குங்கள், அவர் உங்களுக்கு அல்ல.

பாட்டி வீட்டு மணியை அடிக்கும்போது சொல்ல ஒரு வரி எழுதித் தருகிறேன், ஜெர்மன் எழுத்தைப் பார்த்துப் பயப்படவேண்டாம், இதையே வாசியுங்கள்: "குரூஸ் கோட். இஹ் பின் டீ நொயே நாஹ்பாரின் ஃபோன் ஓபென்." வணக்கம், நான் மேல்வீட்டில் புதிதாக வந்திருப்பவள். அப்புறம் உங்கள் பெயரைச் சொல்லுங்கள், முழுதாக.

அன்புடன்,
உங்கள் அக்கா